முதல் முறிவே முன்னறிவிப்பு

(ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உடல்நல உரையின் எழுத்து வடிவம்)



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவரை உள்ளிருந்து தாங்கி நிற்பது எலும்பு. கண் மங்கினால் உடனே தெரிகிறது. பல் ஆடினால் நாவுக்குத் தெரிகிறது. எலும்பு நலிவது மட்டும் எவருக்கும் தெரிவதில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஒடிகின்ற நாளில்தான் அது முதன்முதலாக வாய் திறக்கிறது. இந்நோய்க்கு எலும்புப்புரை நோய் என்று பெயர். மருத்துவமனைகளில் இதனை ஒஸ்டியோபோரோசிஸ் என்பர்.

இந்நோயைப் பற்றிச் சொல்லத்தக்கவை பல. அவற்றுள் ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு வீடு திரும்பினாலும் போதும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குச் சிறிய விழுதலில் எலும்பு முறிந்தால், அது வெறும் விபத்து அன்று. எலும்பு முன்பே நலிந்திருந்தது என்பதற்கான முன்னறிவிப்பு அது. அந்த அறிவிப்பைக் கேட்டுச் செயல்படுகின்ற குடும்பம் அடுத்த முறிவைத் தடுக்க முடியும்.

ஒரு தாயின் கதை

ஜொகூர் மாநிலத்தில் பல குடும்பங்களில் காணக்கூடிய ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். குளுவாங்கிலோ, சிகாமட்டிலோ, கூலாயிலோ ஒரு தோட்டப்புறத்தில் பிறந்தவர். விடியுமுன் நிரைக்குச் சென்று மரம் சீவி, பால் வாளி சுமந்து, பிள்ளைகளை ஆளாக்கியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பின்னர் மகனோடு ஜொகூர் பாரு புறநகரிலுள்ள அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார். ஐம்பத்தாறாம் வயதில் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்ந்ததும் குடும்பம் அதை மறந்துவிட்டது.

அறுபத்து நான்காம் வயதில் அரிசி மூட்டையைத் தூக்கியபோது முதுகில் சுரீரென வலித்தது. எண்ணெய் தேய்த்துப் படுத்தார். சில வாரங்களில் வலி குறைந்தது. ஆனால் முதுகு சற்றுக் கூனியது, சேலை தரையில் இழுபடத் தொடங்கியது. "வயதாகிவிட்டது" என்றனர். எழுபத்தொன்றாம் வயதில் பூசை அறையின் வாயிற்படியில் தடுக்கி விழுந்தார். இம்முறை முறிந்தது இடுப்பெலும்பு.

மூன்று நிகழ்ச்சிகளையும் அந்தக் குடும்பம் மூன்று விபத்துகளாகக் கண்டது. மருத்துவம் அவற்றை ஒரே நோயின் மூன்று படிகளாகக் காண்கிறது. முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ செய்திருக்கலாம்.

எலும்பு ஒரு சேமநிதி

எலும்பு உயிரற்ற கம்பு அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் அதனுள் இரவு பகலாக வேலை செய்கின்றன. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. எஞ்சிய மிகச் சிறு பகுதி இரத்தத்தில் ஓடி இதயத்துடிப்புக்கும் தசையின் இயக்கத்துக்கும் உதவுகிறது. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் காத்திருப்பதில்லை, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஊழியர் சேமநிதியோடு இதனை ஒப்பிடலாம். பிள்ளைப் பருவம் முதல் ஏறத்தாழ முப்பது வயது வரை வரவு மிகுதி. அதன்பின் சில காலம் வரவும் செலவும் சமமாக இருக்கும். பிறகு செலவே மிகும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றவுடன் எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்புத் திண்மையில் 20 விழுக்காடு வரை இழக்கக்கூடும். வெளியே சுவர் நிற்கும். உள்ளே கறையான் அரித்த மரம் போல இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். முழங்கால் வலி வந்தால் "எலும்புத் தேய்மானம்" என்று மக்கள் சொல்வதுண்டு. அது மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்வதால் வருவது. அதற்கு வலி உண்டு. எலும்புப்புரை வேறு நோய். முறிவு வரும்வரை அதற்கு வலி இல்லை. ஆகவே, மூட்டு வலிக்கவில்லை என்பதால் எலும்பு நலமாக இருக்கிறது என்று பொருளாகாது.

கணக்கு சொல்லும் உண்மை

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் இந்நோயால் ஒரு முறிவேனும் நேரும் என்பது உலக மதிப்பீடு. ஆகவே இது பெண்களுக்கு மட்டுமுரிய நோய் அன்று.

மலேசியாவில் 1997ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐம்பது வயதைக் கடந்த ஒவ்வொரு 100,000 பேரிலும் 90 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவர்களை மருத்துவமனையில் வைத்துப் பார்த்த நேரடிச் செலவு மட்டும் அவ்வாண்டில் 2 கோடியே 20 லட்சம் ரிங்கிட் என மதிப்பிடப்பட்டது. சீனப் பெண்களிடையே இம்முறிவு மிகுதி என்பது உண்மையே. அதனால் இந்தியர்களுக்கு விலக்கு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

ஆசிய நாடுகளின் எலும்புப்புரை நோய்ச் சங்கங்கள் கூடி 2018இல் வெளியிட்ட ஆய்வு மேலும் சிந்திக்க வைப்பது. 2018இல் மலேசியாவில் சுமார் 5,880 ஆக இருக்கும் இடுப்பு முறிவுகள் 2050இல் சுமார் 20,900 ஆகும் என்று அது கணித்தது. அதாவது மூன்றரை மடங்கு. ஆய்வில் இடம்பெற்ற ஒன்பது நாடுகள், பகுதிகள் யாவற்றிலும் மலேசியாவின் உயர்வே மிகப் பெரியது. மக்கள் நீண்ட நாள் வாழ்வது இதற்கு முதற்காரணம். வாழ்க்கை முறை மாறியதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில் 1960களோடு ஒப்பிட்டபோது 1990களில் பெண்களின் இடுப்பு முறிவு ஐந்து மடங்காகவும், ஆண்களுடையது ஒன்றரை மடங்காகவும் உயர்ந்திருந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை குடும்பங்கள். இடுப்பு முறிந்தவர்களில் ஐவரில் ஒருவர் வரை முதல் ஆண்டுக்குள்ளேயே இறக்கின்றனர் என்றும், பிழைத்தவர்களில் நால்வரில் ஒருவரே பழைய நடமாட்டத்துக்குத் திரும்புகின்றனர் என்றும் மலேசிய மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலையை விட நேர்கிறது. பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கோ சென்று ஈட்டும் வருமானத்தில் ஒரு பகுதி நின்றுபோகிறது. ஓர் எலும்பு ஒடிந்தால் ஒரு வீடே சாய்கிறது.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

மெலிந்த உடல் கொண்டோர், தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்த வரலாறு உடையோர், நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றோர், கருப்பை சார்ந்த அறுவையில் சூலகங்கள் அகற்றப்பட்டோர், புகை பிடிப்போர், மது அருந்துவோர், தைராய்டு மிகைப்பு உள்ளோர் ஆகிய அனைவரும் கவனமாக இருத்தல் வேண்டும்.

ஆசியப் பெண்களுக்கென 2001இல் ஓர் எளிய கணக்கு வெளியிடப்பட்டது. மாதவிலக்கு நின்ற பெண் ஒருவரின் உடல் எடையிலிருந்து, கிலோ கணக்கில், அவர் வயதைக் கழித்து, வருவதை ஐந்தால் வகுக்க வேண்டும். விடை கழித்தல் ஒன்றுக்கும் கழித்தல் நான்குக்கும் இடையே இருந்தால் நடுத்தர ஆபத்து. கழித்தல் நான்கையும் தாண்டினால் மிகுந்த ஆபத்து. எடுத்துக்காட்டாக, 66 வயதில் 51 கிலோ எடையுள்ளவருக்கு விடை கழித்தல் மூன்று. 76 வயதில் 46 கிலோ எடையுள்ளவருக்குக் கழித்தல் ஆறு. இது நோயை உறுதிப்படுத்தாது. மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும் என்பதை உணர்த்தும்.

இந்தியச் சமூகத்துக்கு இன்னுமொரு காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையேதான் மிகுதியாகக் காணப்பட்டது. பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேர். நீரிழிவு உள்ளவருக்கு எலும்பின் அடர்த்தி சோதனையில் சரியாகத் தோன்றினாலும் முறிவின் ஆபத்து கூடுதலாக இருக்கும். பார்வை மங்குவதும், பாதம் மரத்துப்போவதும், சர்க்கரை திடீரெனத் தாழ்வதும் விழுவதற்கு வழி செய்கின்றன. எனவே பருமனாக இருப்பதால் கவலையில்லை என்று நீரிழிவு நோயாளிகள் இருந்துவிடலாகாது.

மற்றோர் ஆபத்து கடைத்தெருவில் காத்திருக்கிறது. ஆஸ்துமா, முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் உண்போருக்கு எலும்பு விரைவில் நலியும். மருத்துவர் தரும் அம்மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. எலும்புக்கான பாதுகாப்பைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் "மூட்டுவலி மூன்று நாளில் பறந்துவிடும்" என்று இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் சில ஜாமுக்களிலும் மருந்துருண்டைகளிலும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி குறைவது அதனால்தான். எலும்பு கரைவதும் அதனால்தான். எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவெண் இல்லாத மருந்தை வீட்டுக்குள் விடக் கூடாது.

உணவும் வெயிலும் உழைப்பும்

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராம். ஒரு பெரிய குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உண்டு. தேநீரில் கலக்கும் இனிப்புக் கெட்டிப்பாலைப் பால் என்று கணக்கிடக் கூடாது. கேழ்வரகு மாவு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் அவ்வாறே. எள்ளில் இதைவிடவும் மிகுதி. தயிர், மோர், தௌஃபு, தெம்பே ஆகியனவும் நல்லவை. புலால் உண்போர் நெத்திலியை முள்ளோடு உண்ணலாம். பசலைக் கீரையில் கால்சியம் இருந்தும், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதனை உடலில் சேரவிடுவதில்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எலும்புக்கு வலு என்று பாட்டிமார் சொல்வர். ஆனால் பாக்குச் சேர்ந்த தாம்பூலம் வாய்ப்புற்று நோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் உறுதி செய்துள்ளதால், எலும்புக்காக அவ்வழியை நாடுவது தகாது.

பல வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதைக் கடைசியில் உண்பவர் தாய். பால் பிள்ளைக்கு, தயிர் கணவருக்கு, சோறும் இரசமும் தமக்கு என்பது அவர் பழக்கம். விரத நாட்களில் இன்னும் குறையும். விரதம் இருப்பதில் தவறில்லை. விரதம் முடிக்கும்போது பாலும் தயிரும் கேழ்வரகும் அவர் தட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது பிள்ளைகளின் கடமை.

உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி தேவை. அதைத் தோல் வெயிலிலிருந்து ஆக்கிக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் இந்நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். தோட்டத்தில் திறந்த வெளியில் உழைத்தவர் இன்று அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கிறார். அவர் மகள் குளிரூட்டிய தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை செய்கிறார். இருவருக்கும் வெயிலும் இல்லை, நடையும் இல்லை.

சுமை தாங்கும் எலும்பே வலுப்பெறும். நடப்பது, மாடிப்படி ஏறுவது, தசைக்கு வேலை கொடுப்பது ஆகியவை எலும்புக்கு உரம். ஆலயத்தைச் சுற்றி வலம் வருவதும் நல்ல நடையே. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் தொடைத் தசையை வலுப்படுத்தும். தள்ளாடுவோர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அளவாகச் செய்யலாம். ஆனால் முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்தவர்கள் முன்புறமாகக் குனிந்து பாரம் தூக்குவதும், திடீரென வளைந்து தரையில் விழுந்து வணங்குவதும் கூடாது. நின்றபடி கைகூப்பினால் இறைவன் ஏற்றுக்கொள்ள மாட்டாரா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. சேமநிதி நிறைய வேண்டிய வயது பள்ளிப் பருவம். பன்னிரண்டு வயதுச் சிறுமியை வீட்டுக்குள் அடைத்து வைப்பதும், மெலிய வேண்டுமென்று அவள் உணவைக் குறைப்பதும் அவளுடைய அறுபது வயது எலும்பைப் பறிப்பதாகும்.

விழாமல் காத்தல்

நலிந்த இடுப்பெலும்பும் விழாதவரை பெரும்பாலும் முறிவதில்லை. குளியலறையில் வழுக்காத விரிப்பும் சுவரில் கைப்பிடியும் வேண்டும். இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரிய வேண்டும். தேய்ந்த ரப்பர்ச் செருப்பைத் தூக்கி எறிய வேண்டும். தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மருந்தும் தலைசுற்றலைத் தருகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதிக்க வேண்டும்.

ஆலயங்களுக்கும் இதில் பங்குண்டு. அபிஷேகம் முடிந்தபின் பளிங்குத் தரையில் நீர் தேங்குகிறது. அகல் விளக்கின் எண்ணெய் சிந்துகிறது. பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கின்றனர். தரையை உடனுக்குடன் துடைக்க ஒரு தொண்டர், படிகளில் கைப்பிடி, முதியோருக்குச் சில நாற்காலிகள் என இவை சிறு செலவுகள்தான். திருவிழாக் காலத்தில் இவை பெருந்தொண்டாகும்.

முறிந்த பின் கேட்க வேண்டியவை

அத்தாயின் மணிக்கட்டுக்குத் திரும்புவோம். மணிக்கட்டு முறிந்தால் சிலர் கட்டு வைத்தியரிடம் செல்கின்றனர். சிலர் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். இரண்டிடத்திலும் எலும்பு கூடியவுடன் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகின்றனர். முறிவுக்கு வைத்தியம் நடந்தது, நோய்க்கு நடக்கவில்லை. முதுகெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மற்றொரு முதுகெலும்பு முறிவு நேர்வதை 2001இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. இந்த இடைவெளியை அடைக்கவே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999இல் ஒரு முறை தொடங்கப்பட்டது. முறிவோடு வரும் ஐம்பது வயது கடந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து எலும்பைச் சோதிக்கும் முறை அது. பல நாடுகள் அதனைப் பின்பற்றுகின்றன. தேடி வருவார் இல்லாத இடத்தில், கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளே.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இம்முறிவுக்கு எலும்புப்புரை காரணமாக இருக்குமா? எலும்பு அடர்த்திச் சோதனை செய்ய வேண்டுமா? அடுத்த முறிவைத் தடுக்க மருந்து தேவையா?

அடர்த்திச் சோதனை வலியற்றது. முதுகையும் இடுப்பையும் குறைந்த அளவு எக்ஸ்ரே கொண்டு பார்ப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவின்படி, விடை கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. பேரங்காடிகளில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி இதற்கு ஈடாகாது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தொடங்கி, தேவையானால் மருத்துவமனைக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம்.

மருந்துகள் உள்ளன, அவை பயன் தருகின்றன. முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில் அலென்ட்ரோனேட் என்னும் மருந்து இடுப்பு முறிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வாரம் ஒருமுறை உண்ணும் அம்மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெற்று நீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. காப்பி, தேநீர், உணவு எதுவும் கூடாது. இம்முறை தவறினால் உணவுக்குழல் புண்படும். மருந்தும் பயனின்றிப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. அவ்வூசியைத் தொடங்கியவர் தாமாக நிறுத்தினால் எலும்பு விரைந்து நலிந்து முதுகெலும்புகள் முறியக்கூடும். ஆகவே நாள் தவறலாகாது. மிக அரிதாகத் தாடை எலும்புக்குக் கேடு வரலாம் என்பதால் பல் பிடுங்குமுன் இம்மருந்தைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய் உள்ளோருக்கு மருந்து வேறுபடும். அதை மருத்துவரே முடிவு செய்வார்.

ஐம்பத்தாறாம் வயதில் அந்தத் தாயின் மகன் மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தால், பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் அதே வாயிற்படியில் கால் தூக்கி வைத்து, விளக்கேற்றிவிட்டு வெளியே வந்திருக்கக்கூடும். எல்லா முறிவையும் தடுக்க முடியும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூறார். ஆனால் பல முறிவுகளைத் தடுக்க முடியும். அதற்கான காலம் முதல் முறிவின் நாளிலேயே தொடங்குகிறது.

இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் தாயிடம் இரண்டு வினாக்களைக் கேட்பார்களாக: "அம்மா, ஐம்பது வயதுக்குப் பிறகு எங்காவது எலும்பு முறிந்ததா? முன்பைவிட உயரம் குறைந்திருக்கிறதா?" விடை ஆம் எனில், வரும் வாரத்திலேயே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்க. தோள் கொடுத்து வளர்த்தவர் நிமிர்ந்து நடக்கத் துணை நிற்பது பிள்ளைகள் செய்யத்தக்க நற்பணிகளுள் ஒன்று.

அனைவரும் எல்லா நலமும் பெற்று வாழ இறைவன் அருள் புரிவானாக.